அறுபத்தொரு சைக்கிள்

சிதம்பரம்
12.6.2025

அன்புள்ள தம்பி தவ்ஹீதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் ஷாசியாவும் நலம். அங்கே நீயும் உம்மாவும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

பெருநாளுக்கு வந்துவிட்டுப் போய் ஐந்து நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கடிதமா என்று கேட்பாய். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்கா" என்கிறாய். மீட்டிங் இல்லாத நேரத்தில் கூப்பிட்டால் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி முடித்துவிடுகிறாய். நேற்று நான் பாலம் என்றேன், நீ ட்ராஃபிக் என்றாய், போன் கட்டாகிவிட்டது. எதையும் எழுத்தில் கொடுத்தால்தான் படிப்பேன் என்று உம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டாயே. இதோ எழுத்தில். படி.

எங்கள் ரயில்வே பாலத்தைப் புதுப்பிக்கிற வேலை என் தம்பி போட்ட டிசைன் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். போன மாசம் பேப்பரில் வந்த படத்தில் இரண்டு ஓரமும் பச்சையாகச் சைக்கிள் பாதை இருந்தது. பிள்ளைகளிடம் காட்டினேன். இப்போது பாலத்தடியில் பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். அதில் பச்சையைக் காணவில்லை. பக்கத்து வீட்டுத் தைலம்மாள் அக்கா, "வெயில்ல சாயம் போயிருக்கும் டீச்சர்" என்கிறார். சாயம் போனதா, நீ எடுத்துவிட்டாயா?

ஷாசியாவுக்குப் பிளஸ் ஒன்னில் கவர்மெண்ட் சைக்கிள் கொடுத்தார்கள் அல்லவா, அதில்தான் ஸ்கூலுக்குப் போகிறாள். பிப்ரவரியில் பாலத்தின் உச்சியில் விளக்குக் கம்பத்தில் கேமரா கட்டியிருந்தாயாம். அதைப் பார்த்துக் கை காட்டினாளாம். "மாமா பாத்தாங்களான்னு கேளும்மா" என்று நாலு மாசமாக நச்சரிக்கிறாள். பார்த்தாயா?

உன் மச்சான் தம்மாமிலிருந்து பேசினார். அடுத்த ரமலானுக்குத்தான் லீவாம். நீ கொண்டுவந்த பண்ருட்டிப் பலாவில் பாதி தைலம்மாள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. கொட்டையை அவித்து உப்புப் போட்டு வைத்திருக்கிறேன், சாப்பிடத்தான் ஆளில்லை.

பதில் போடு. போன் வேண்டாம்.

உன் அக்கா
தஸ்னீம்

&nbsp;

கடலூர் முதுநகர்
19.6.2025

அன்புள்ள அக்கா,

வ அலைக்கும் ஸலாம். உம்மாவுக்குச் சர்க்கரை நூற்று அறுபது. மாத்திரை போடுகிறார். நடக்கச் சொன்னால் நடப்பதில்லை. மற்றபடி நலம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சாயம் போகவில்லை. நான்தான் எடுத்தேன்.

பாலத்தின் அகலம் சுவருக்குச் சுவர் பதினோரு மீட்டர். ஒரு சென்டிமீட்டர்கூடக் கூட்ட முடியாது. இதற்குள் பஸ், லாரி, கார், ஆட்டோ, டூவீலர், சைக்கிள், ஆள் எல்லாம் போக வேண்டும். ஒருத்தருக்குக் கொடுத்தால் இன்னொருத்தரிடம் பிடுங்க வேண்டும். யாரிடம் பிடுங்குவது என்பதை என் இஷ்டத்துக்கும் உன் இஷ்டத்துக்கும் செய்ய முடியாது. எண்ணித்தான் செய்ய வேண்டும்.

எண்ணினோம். பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை, ஸ்கூல் உள்ள நாள், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. பாலத்தைக் கடந்த சைக்கிள் எத்தனை தெரியுமா? அறுபத்தொன்று. பன்னிரண்டு மணி நேரத்தில். காலை நெருக்கடியில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் மோட்டார் வண்டிகள் ஆயிரத்து நூறு. அறுபத்தொரு சைக்கிளுக்கு மூன்று மீட்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஆயிரத்து நூறு வண்டியைத் திணற விடச் சொல்கிறாயா? நீ கணக்கு டீச்சர். நீயே சொல்லு.

அதே நாளில் நடந்து போனவர்கள் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது பேர். உங்கள் ஊர்க்காரர்கள் இவ்வளவு நடப்பார்கள் என்று எனக்கே தெரியாது. அதனால் சைக்கிளுக்கு வைத்திருந்த இடத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் நடைபாதை, ரோட்டிலிருந்து இருபது சென்டிமீட்டர் உயரம், ஓரத்தில் கம்பித் தடுப்பு. எந்தக் காரும் ஏற முடியாது. மீதி எட்டு மீட்டர் வண்டிகளுக்கு, பக்கத்துக்கு நாலு. நடக்கிறவனுக்கும் நிம்மதி, கார்க்காரனுக்கும் நிம்மதி.

ஷாசியா கை காட்டியதை நான் பார்க்கவில்லை. வீடியோவை நான் பார்ப்பதில்லை. பண்ருட்டியில் கோவிந்தசாமி என்று ஒருவர் இருக்கிறார், அவர்தான் உட்கார்ந்து பார்த்து ஃபாரத்தில் கோடு போடுவார். எனக்குக் கடைசி எண்ணிக்கை போதும். கோபப்பட வேண்டாம் என்று அவளிடம் சொல்லு.

பலாக்கொட்டையை யாரிடமாவது கொடுத்தனுப்பு.

தவ்ஹீத்

&nbsp;

சிதம்பரம்
27.6.2025

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பலாக்கொட்டையைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன், வந்து சேர்ந்ததா? உம்மாவை நடக்கச் சொல்லி நீ கத்தாதே. கூடவே எழுந்து நட. அப்போது தானாக வருவார்.

நீ கணக்கு டீச்சர் என்று என்னைச் சொன்னாய். அந்த டீச்சர் ஒரு கணக்குச் சொல்கிறேன்.

எங்கள் ஸ்கூலில் சைக்கிள் ஸ்டாண்டு பொறுப்பு என் தலையில் இருக்கிறது. தகர டோக்கன் மொத்தம் முந்நூற்று நாற்பது. அதில் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பெண்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். காலையில் தாண்டி வருகிறார்கள், சாயங்காலம் தாண்டிப் போகிறார்கள். அதுவே நானூற்று இருபத்து நாலு ஆகிவிட்டது. பையன்கள் ஸ்கூல் தனி. பால்காரர், பூ விற்கிற செல்லாயி அம்மா, சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், யூனிவர்சிட்டியில் தோட்ட வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் தனி. உன் அறுபத்தொன்றில் என் பிள்ளைகள் எங்கே? பறந்தா வருகிறார்கள்?

எண்ணிக்கை தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கேயோ இடிக்கிறது என்று சொல்கிறேன். பரீட்சைப் பேப்பரில் ஒரு பிள்ளை விடையாக அறுபத்தொன்று எழுதினால் நான் வழியைப் பார்ப்பேன். நீ வழியைப் பார்த்தாயா?

ஒரே ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வந்து பாலத்தடியில் நில். டீ நான் வாங்கித் தருகிறேன். கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம், அவ்வளவுதான்.

ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளைக்குள் எழுத்தில் தரலாம் என்று போர்டில் போட்டிருக்கிறது. இதை என் ஆட்சேபணையாக வைத்துக்கொள்.

ஷாசியா உன்மேல் கோபமாக இருக்கிறாள். இரண்டு நாளைக்கு.

உன் அக்கா
தஸ்னீம்

&nbsp;

கடலூர் முதுநகர்
8.7.2025

அன்புள்ள அக்கா,

பலாக்கொட்டை வந்தது. உம்மா சர்க்கரையை மறந்துவிட்டுச் சாப்பிட்டார்.

டோக்கன் வேறு, ரோட்டுக் கணக்கு வேறு. உன் ஸ்டாண்டில் சைக்கிள் நிற்கிறது என்றால் அது பாலத்தின்மேல் ஓடி வந்தது என்று அர்த்தமில்லை. வேறு வழியாக வருவார்கள். சுற்று வழி, ரயில்வே கேட் வழி, ஏதோ ஒன்று. கேமராவில் ஓடின சைக்கிள் அறுபத்தொன்று. கேமரா பொய் சொல்லாது.

வந்து நிற்க எனக்கு நேரமில்லை. வந்து நிற்காமல் இருக்கத்தான் கேமரா.

ஆட்சேபணை விஷயம்: 'அன்புள்ள தம்பிக்கு' என்று ஆரம்பிக்கிற காகிதத்தைக் கோப்பில் சேர்க்க முடியாது. நடுவில் பலாக்கொட்டை வேறு வருகிறது. எங்கள் சீனியர் கலியமூர்த்தி சார் பார்த்தால் சிரிப்பார். சும்மா சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. ஆகஸ்டில் வேலை ஆரம்பம், செப்டம்பர் கடைசியில் திறப்பு. முடிந்த பிறகு பார், நீயே பாராட்டுவாய்.

தவ்ஹீத்

&nbsp;

சிதம்பரம்
7.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மூன்று மாசமாக எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. காலாண்டுப் பரீட்சைப் பேப்பர். கொஞ்சம் கோபமும்தான்.

பாலம் திறந்துவிட்டார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். நீ வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பியதையும் பார்த்தேன். அறுநூறு மீட்டர் பாலத்தைக் கடக்க ஒரு காருக்கு முன்பு நூற்றுப் பதினாலு வினாடி, இப்போது ஐம்பத்தொன்று. உன் மச்சான் தம்மாமிலிருந்து கைதட்டுகிற படம் போட்டிருக்கிறார். எங்கள் ஹெச்.எம். காரில் வருகிறவர். "உங்க தம்பி கெட்டிக்காரர் டீச்சர், இப்பல்லாம் பிரேயருக்கு முன்னாடியே வந்துட்றேன்" என்றார்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. உன் பிளாட்பாரத்தில் ஆளே இல்லை. நேற்று ஸ்கூல் விட்ட நேரத்தில் ஆட்டோவில் வரும்போது பார்த்தேன். ஒரு கிழவர் நடந்து போனார், ஒரு நாய் படுத்திருந்தது. நீ எண்ணிய இரண்டாயிரத்து முந்நூறு பேரும் எங்கே போனார்கள்? பிள்ளைகள் எல்லாம் ரோட்டின் ஓரத்தில்தான் போகிறார்கள், கார் உரசுகிற மாதிரி. முன்பு ஓரமாகச் சிமென்ட் பட்டை ஒன்று ரோட்டு மட்டத்திலேயே இருந்தது, அதில் போவார்கள். இப்போது அது இல்லை.

நீ வந்து பார்க்க மாட்டாய். சரி, பார்க்காதே. போன் செய்யும்போது இதற்கு மட்டும் பதில் சொல்.

ஷாசியா காலாண்டில் அறுநூற்றுக்கு முந்நூற்று எண்பத்தேழு வாங்கியிருக்கிறாள், கணக்கில் தொண்ணூற்றாறு. உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

உன் அக்கா
தஸ்னீம்

&nbsp;

கடலூர் முதுநகர்
12.10.2025

அக்கா,

மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு தடவை என் கையில் டீ கிளாஸைக் கொடுத்தாய். நான் குடிக்கவில்லை, ஆறிப்போனது. வாயால் சொல்ல வராததை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை உம்மாதான் எனக்குச் சொன்னார். "நம்ம ஷாசியாவ பாலத்துல கார் அடிச்சிட்டுதாம்டா" என்றார். எந்தப் பாலம் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

கீழே எமர்ஜென்சி வாசலில் அந்தக் கார்க்காரர் நின்றுகொண்டிருந்தார். ஓடிப்போகவில்லை. அவர்தான் தூக்கி வந்திருக்கிறார், சட்டையெல்லாம் ரத்தம். அடிக்கத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். "ரோடு நல்லா அகலமா இருந்துச்சு தம்பி, அதான் கொஞ்சம் மிதிச்சேன். இந்தாண்ட பஸ்ஸு, ஒதுங்கினேன், ஓரத்துல பொண்ணு சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போறது அப்பறந்தான் தெரிஞ்சிது. எனக்கும் ரெண்டு பொண்ணு தம்பி." கையை ஓங்க முடியவில்லை. நாலு மீட்டர் அகலத்தை அவருக்குக் கொடுத்தது நான்.

நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது ஷாசியா என்னிடம் பேசினாள். வலது காலில் முட்டிக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு, முகமெல்லாம் சிராய்ப்பு, அதோடு எனக்கு ஆறுதல் சொல்கிறாள். "அழாதீங்க மாமா, பரீட்சை முடிஞ்சப்பறம்தான ஆச்சு." பிளாட்பாரத்தில் ஏறியிருக்கலாமே என்றேன். "ஏத்தலாம்னுதான் பாத்தேன். அவ்ளோ ஒயரம், பை வெயிட்டோட சைக்கிளத் தூக்க வரல மாமா."

நான் இன்னொன்று கேட்டேன். ஏன் தள்ளிக்கொண்டு போனாய், ஓட்டிக்கொண்டு போயிருந்தால் சீக்கிரம் தாண்டியிருப்பாயே என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள் அக்கா. அந்த வலியிலும் சிரித்தாள். "பாலத்துல யாரு மாமா ஓட்டுவா? ஏத்தம். எல்லாரும் எறங்கித் தள்ளிக்கிட்டுதான் போவோம். நான் உங்க கேமராவுக்குக் கை காட்டுனேன்ல, அப்பகூட தள்ளிக்கிட்டுதான் இருந்தேன். நீங்க பாக்கவே இல்லியா?"

எல்லாரும் என்றாள். நாளைக்கு ஆபீசில் அந்த வீடியோவை எடுக்கப் போகிறேன்.

தவ்ஹீத்

&nbsp;

கடலூர் முதுநகர்
19.10.2025

அக்கா,

நீ பதில் போடவில்லை. போட வேண்டாம். இதைப் படித்தால் போதும்.

பார்த்தேன். பன்னிரண்டு மணி நேர வீடியோவை ஆறு நாள் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி, நானே எண்ணினேன்.

ஏழே முக்கால் மணிக்கு ஸ்கூல் கூட்டம் ஆரம்பிக்கிறது. ஏற்றத்தின் கீழிருந்து முதலில் ஹேண்டில்பார் தெரிகிறது, அப்புறம் தலை. ஒன்றன்பின் ஒன்றாக வருகிறார்கள். ஒருத்திகூடச் சைக்கிள்மேல் உட்கார்ந்திருக்கவில்லை. எல்லோரும் குனிந்து தள்ளுகிறார்கள். உச்சி தாண்டி இருபது அடி போனதும் ஒவ்வொருத்தியாக ஏறி உட்காருகிறாள், இறக்கத்தில் சர்ரென்று மறைந்துவிடுகிறாள். எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறவர்களும் அப்படியேதான். பாலத்தில் இரண்டு பக்கமும் தெரிகிற இடம் என்று நான் கேமராவை உச்சியில் கட்டினேன். இந்த ஊரில் யாரும் சைக்கிளில் உட்காராத ஒரே இடம் அதுதான். இருநூறு மீட்டர் தள்ளிக் கட்டியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

நடந்து போனவர்கள் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது என்று உனக்குப் பெருமையாக எழுதினேன். அதில் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நாலு பேர் கையில் சைக்கிள் இருக்கிறது. வெறுங்கையோடு நடந்தவர்கள் நானூற்று அறுபத்தாறு பேர். அறுபத்தொன்று என்பது காலில் வலு உள்ள, மிதித்தே ஏறிய ஆம்பிளைகள். அவர்களை மட்டும் நான் சைக்கிள் என்று எண்ணியிருக்கிறேன்.

எட்டு மணி பதினாலு நிமிஷத்தில் ஷாசியா வருகிறாள். இரட்டைச் சடை, கேரியரில் பை. ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்து ஆட்டுகிறாள். சைக்கிள் சாய்கிறது, பிடித்து நிமிர்த்துகிறாள், பின்னால் வருகிற பெண் ஏதோ கேலி செய்கிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். நான் ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். 8.10 முதல் 8.15 வரையிலான கட்டம். சைக்கிள், பூஜ்யம். பாதசாரி, தொண்ணூற்றேழு. அந்தத் தொண்ணூற்றேழு கோட்டில் ஒரு கோடு அவள்.

கோவிந்தசாமிக்குப் போன் போட்டுக் கத்தினேன். கண் இருக்கிறதா, சைக்கிள் தெரியவில்லையா என்று என்னென்னவோ கேட்டேன். அந்த மனிதர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "சார், அன்னிக்கே ஒங்களுக்கு மெசேஜ் போட்டனே சார். சைக்கிளத் தள்ளிக்கிட்டு ஜாஸ்தி பேரு போறாங்க, அவுங்கள எதுல போட்றதுன்னு. நீங்க என்னா சொன்னீங்கன்னு எடுத்துப் பாருங்க சார். சாருக்கு வேல ஜாஸ்தி, மறந்திருப்பீங்க."

எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரி 20. அவர் ஒரு போட்டோ வேறு அனுப்பியிருக்கிறார், நாலு பெண்கள் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி. நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குக் கீழே என் பதில்:

'நடந்தா பாதசாரி. இதெல்லாம் கேட்டு டைம் வேஸ்ட் பண்ணாதீங்க.'

ஏழு வார்த்தை. அதற்குக் கீழே அவர் கைகூப்பும் பொம்மை ஒன்று போட்டிருக்கிறார்.

இதை எழுதினது எனக்கு ஞாபகமே இல்லை அக்கா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யோசித்துத் தப்பாக முடிவு செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. நான் யோசிக்கவே இல்லை. பஸ்ஸில் போகும்போதோ சாப்பிடும்போதோ ஒரு கையால் தட்டியிருப்பேன்.

வழியைப் பார்த்தாயா என்று ஜூன் மாசமே கேட்டாய்.

தவ்ஹீத்

&nbsp;

கடலூர் முதுநகர்
24.11.2025

அக்கா,

உம்மா வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார். ஷாசியா படுத்தபடியே பாடம் படிக்கிறாளாம். நான் வரவில்லை. வரவா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

நடந்ததை எல்லாம் எட்டுப் பக்கம் எழுதி, புது வரைபடமும் போட்டு, கலியமூர்த்தி சார் மேஜையில் வைத்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. முழுசும் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"பாலம் தெறந்தாச்சு தவ்ஹீத். ரிப்பன் வெட்டியாச்சு. கார்காரங்க ஒருத்தன்கூடக் கொற சொல்லல. இப்ப போயி அகலத்தக் கொறைக்கணும்னா நம்ம கணக்குத் தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கறாப்ல."

"தப்புதான சார்."

"ஃபைல்ல ஒரு ஆட்சேபண உண்டா? முப்பது நாள் டைம் குடுத்தமே, யாராவது வாயத் தொறந்தானா? ஒண்ணுமில்ல. அப்பறம் நீயா ஏன்யா கெளர்ற? ஒனக்குத்தான் மொதல்ல வேல போவும்."

கோப்பில் ஆட்சேபணை இல்லை என்பது உண்மை. வந்த ஆட்சேபணை என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஜூன் 12, ஜூன் 27. இரண்டும் முப்பது நாளுக்குள் வந்தவை. இருநூற்றுப் பன்னிரண்டு டோக்கன் கணக்கோடு, தேதியோடு, கையெழுத்தோடு. 'அன்புள்ள தம்பி' என்று ஆரம்பித்ததால் நான் சேர்க்கவில்லை.

அவற்றை இப்போது கோப்பில் சேர்க்க உன் அனுமதி வேண்டும். சேர்த்தால் எனக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது, நான் கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். வேலை போனால் உம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பயம் இல்லை என்று எழுத மாட்டேன், இருக்கிறது.

புது வரைபடத்தில் காருக்குப் பக்கத்துக்கு நாலு மீட்டர் இல்லை, மூன்றேகால். உயரமான பிளாட்பாரத்தை இடித்துவிட்டு, ரோட்டு மட்டத்திலேயே பக்கத்துக்கு இரண்டேகால் மீட்டர். காருக்கும் அதற்கும் நடுவில் கம்பித் தடுப்பு. ஓட்டுகிறவர், தள்ளுகிறவர், நடக்கிறவர் எல்லோரும் அதில் போகலாம். கார் வேகம் குறையும். பாலத்தைக் கடக்க ஐம்பத்தொரு வினாடி என்பது எழுபத்தேழு ஆகும்.

இருபத்தாறு வினாடி. ஒரு காருக்கு அதை மிச்சம் பிடித்துக் கொடுக்கத்தான் இவ்வளவும் செய்தேன் அக்கா.

மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தேன், ரிப்போர்ட் மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

தவ்ஹீத்

&nbsp;

அனுப்புநர்
உ. தஸ்னீம்,
கணித ஆசிரியை, சைக்கிள் ஸ்டாண்டு பொறுப்பாளர்,
சிதம்பரம்.

பெறுநர்
பாலம் வடிவமைப்புப் பொறியாளர் அவர்கள்,
கடலூர்.

நாள்: 4.12.2025

பொருள்: ரயில்வே பாலத்தில் சைக்கிள்களுக்கு இடமில்லாதது குறித்து ஆட்சேபணை.

ஐயா,

தாங்கள் கேட்டபடி என்னுடைய 12.6.2025, 27.6.2025 தேதியிட்ட இரண்டு கடிதங்களையும் கோப்பில் சேர்க்க அனுமதிக்கிறேன். பலாக்கொட்டை பற்றிய வரிகளை அடிக்க வேண்டாம். முழுசாக இருக்கட்டும்.

அந்தக் கடிதங்களில் ஒரு குறை உண்டு, அதையும் பதிவு செய்கிறேன். பிள்ளைகள் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள் என்று நான் இரண்டிலும் எழுதவில்லை. பதினைந்து வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். பாலம் என்றால் இறங்கித் தள்ளுவதுதான். அதை ஒருவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இரண்டு மாசமாக நான் பேசாமல் இருந்ததற்கு அதுவும் காரணம்.

இத்துடன் ஒரு கணக்கெடுப்பை இணைத்துள்ளேன். டிசம்பர் 1, 2, 3 ஆகிய மூன்று நாட்கள், காலை எட்டு முதல் ஒன்பது வரை, எங்கள் பிளஸ் டூ மாணவிகள் எடுத்தது. பாலத்தின் உச்சியில் இரண்டு பேர், இரண்டு பக்கத்து அடியிலும் இரண்டிரண்டு பேர், ஆள் ஏறாத தங்கள் பிளாட்பாரத்தின்மேல் பத்திரமாக நின்று எண்ணினார்கள். ஃபாரத்தில் மூன்று கட்டங்கள் உண்டு: ஓட்டுகிறவர், தள்ளுகிறவர், நடக்கிறவர். இந்த ஃபாரத்தை வரைந்தவர் மாணவி உ. ஷாசியா. கட்டிலில் படுத்தபடி வரைந்ததால் கோடுகள் கொஞ்சம் கோணலாக இருக்கும். கணக்கு சரியாக இருக்கிறது, நான் இரண்டு தடவை வழியைப் பார்த்துவிட்டேன்.

எங்கள் தலைமையாசிரியரும் இதில் கையெழுத்திட்டிருக்கிறார். காரில் வருகிறவர். இருபத்தாறு வினாடி என்று சொன்னேன். பேனாவை வாங்கிக்கொண்டு, "நான் அஞ்சு நிமிஷம் முன்னாடி கெளம்பிட்றேன் டீச்சர்" என்றார்.

தங்கள் அலுவலகத்தில் தவ்ஹீத் என்று ஒருவர் வேலை பார்க்கிறார். இந்தக் காகிதத்தைக் கோப்பில் சேர்த்த பிறகும் அவருக்கு அங்கே வேலை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, ஒரு செய்தியைச் சொல்லவும்.

12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஷாசியாவுக்கு மாவுக்கட்டுப் பிரிக்கிறார்கள். அவள் சைக்கிள் பாலத்துக்கு அந்தப் பக்கம் இளவரசு சைக்கிள் கடையில் ரிப்பேர் முடிந்து நிற்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவர ஆள் இல்லை. அவர் காலை எட்டு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு வர வேண்டும். மிதித்து ஏறிக் காட்டலாம் என்று பார்க்க வேண்டாம், முடியாது. இறங்கித் தள்ளிக்கொண்டே வரட்டும். உச்சியில் பிள்ளைகள் ஃபாரத்தோடு நிற்பார்கள். அவரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவர்களுக்குத் தெரியும். ஷாசியா கை காட்டச் சொன்னாள்.

பாலத்தடியில் நான் நிற்பேன். டீ நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
உ. தஸ்னீம்